தண்ணீர் இறங்கிய கரையில் கூடாரம்

மார்ச் மாதத்தில் இலங்கை மலைநாட்டின் மஸ்கெலியா நகரிலிருந்து மவுசாகலை நீர்த்தேக்கத்தைப் பார்த்தால், தேயிலையின் பச்சைக்கும் நீரின் நீலத்துக்கும் நடுவே செம்மண் நிறத்தில் அகலமான ஒரு பட்டை தெரியும். மழைக்காலத்தில் அந்தப் பட்டை இருக்காது. தேயிலை மலை நேரே தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நிற்கும். மழை ஓய்ந்து சில மாதங்கள் ஆனபின் நீர் நன்றாக இறங்கும் வருடங்களில், பழைய மஸ்கெலியா மெல்ல மெல்ல வெளியே வருகிறது. மூழ்கிப்போன கோயிலின் கற்கள், விகாரையின் சிதைவு, பள்ளிவாசலின் சுவர். இப்போதெல்லாம் அவற்றுக்குப் பக்கத்தில் வேறொன்றும் முளைத்துவிடுகிறது: செம்மஞ்சளிலும் நீலத்திலுமாகக் கூடாரங்கள்.

என் அம்மாயி பிறந்தது அந்தப் பழைய நகரத்துக்கு மேலே இருந்த தோட்டமொன்றில். சம்பளம் போட்ட மறுநாள் குடும்பமே இறங்கிப் போகும் கடைத்தெரு அது. அவருக்கு முதல் தோடு வாங்கியதும் அங்கேதான். நீர் வெகுவாக வற்றிய ஒரு வருடம் அவரைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். கோயில் இருந்த இடம் நெருங்கியதும், சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்த தரையில் அவர் செருப்பைக் கழற்றினார். தளக் கற்கள் இரண்டுக்கு நடுவில் இருந்த இடுக்கில் கூடாரமொன்றின் முளைக்கம்பி அடிக்கப்பட்டிருந்தது. அம்மாயி அதைச் சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்.

கூடாரம் அடித்துத் தங்குவதை நான் எதிர்ப்பவன் அல்லன். பதினெட்டு வயதிலிருந்து காசல்ரீ கரையிலும் நக்கிள்ஸ் அடிவாரத்திலும் பட்டிப்பொலக் காட்டோரத்திலும் படுத்து எழுந்தவன். மலைநாட்டின் இரவு எப்படிப்பட்டது என்பதை லயத்துக் கூரைக்குக் கீழே, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், கற்றதைவிட அங்கேதான் அதிகம் கற்றேன். ஆனால் எங்கள் ஏரிக்கரைகளுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் அவற்றை இயற்கையாக அமைந்த வெற்றுநிலம் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். நான் பார்த்த விபத்துகளும் மனக்கசப்புகளும் அந்த எண்ணத்தில்தான் தொடங்குகின்றன.

மலைநாட்டில் நாம் ஏரி என்று பார்ப்பதெல்லாம் மனிதர் கட்டியவை. கண்டி வாவியைக் கட்டுவித்தவர் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வருடம் 1807. நுவரெலியாவின் கிரகரி வாவி 1870களில் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் உருவானது. மின்சாரத்துக்காக மலை ஆறுகளை மறிக்கலாம் என்று வலியுறுத்தியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1918-இல் அவர் அதைப் பற்றி ஆய்வுரை எழுதியபோது ஆட்சியாளர்கள் அக்கறை காட்டவில்லை. லக்ஷபான நீர்மின் நிலையத்தின் முதற்கட்டம் ஓடத் தொடங்க 1950 ஆயிற்று. அதன் பிறகு வேகம் பிடித்தது. கெஹெல்கமு ஓயா என்ற ஆற்றை மறித்து 1965-இல் காசல்ரீ. மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969-இல் மவுசாகலை. இந்த இரண்டு ஓயாக்களும் கீழே கூடித்தான் களனி கங்கை ஆகிறது. காசல்ரீயின் நீரில் ஓடும் மின்நிலையத்துக்கு விமலசுரேந்திரவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

வருடங்களைக் கவனியுங்கள். 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்கள் மலையகத் தமிழ் மக்கள் தலை எண்ணிப் பங்கிடப்படுகிறார்கள். அடுத்த வருடம் காசல்ரீ நிறைகிறது. நாலு வருடம் கழித்து மவுசாகலை. எந்த நாட்டுக்காரர் என்று முடிவாகாதவர்கள் கொழுந்து பறித்த மலைகளும், அவர்கள் கும்பிட்ட கோயிலும், கடன் வைத்த கடையும் தண்ணீருக்குள் போயின. கடைகள் மேலே புதிய நகரத்துக்கு ஏறின. பின்னர் மகாவலித் திட்டத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது சிங்களக் கிராமங்களுக்கும் இதே கதிதான். அங்கே நீர் இறங்கும்போது கடதொர விகாரையின் சிதைவு தலைகாட்டுவதைப் பார்க்க இன்றும் அந்த ஊர் மக்கள் வருவார்கள். கரையில் முளை அடிக்கும் முன் இவ்வளவும் நினைவில் இருப்பது நல்லது.

இனி நீரின் போக்கு. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் நீரைக் கொண்டுவருவது தென்மேற்குப் பருவமழை. மே மாதக் கடைசியில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அப்போது நீர்த்தேக்கங்கள் நிரம்பும். காசல்ரீ நிரம்பி வழிந்து வான் பாய்கிறது என்று செய்தி வரும். அக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. டிசம்பரில் மழை கிழக்குச் சரிவுகளுக்கு மாறிவிடும். இந்தப் பக்கம் காயத் தொடங்கும். ஆனால் மின்நிலையங்கள் நிற்பதில்லை. வருகிற நீரைவிடப் போகிற நீர் அதிகம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகும். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் அதுவே: மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கில் முடியும். மலை ஏற வந்தவர்கள் திரும்பும் வழியில் அகலக் கரையைக் காண்பதும், அடுத்த முறை கூடாரத்தோடு வருவதும் இதனால்தான்.

அந்தக் கரையில் கிடக்கும் மணலைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. வடமராட்சி மணற்காட்டில் உள்ளவை காற்று அள்ளிக் குவித்த மேடுகள். அங்கே தரை ஆழம்வரை மணல், நீர் சட்டென்று வடிந்துவிடும். மலைநாட்டில் அப்படி மணல் மேடு கிடையாது. இங்குள்ள மேடு ஆறு கொண்டுவந்து போட்டது. ஓடிவரும் ஓயா தேக்கத்தின் நின்ற நீரைத் தொட்டதும் வேகம் இழக்கிறது. கனமானதை முதலில் இறக்கிவிடுகிறது: ஓயா வந்து சேரும் தலைப்பக்கத்தில் கூழாங்கல்லும் பருமணலும், இன்னும் உள்ளே நயமணல், அணைக்கட்டை நெருங்க நெருங்க வெறும் வண்டல். அந்த வண்டலில் பெரும்பகுதி தேயிலை மலைகளின் மேல்மண். கான் எனப்படும் வடிகால்கள் தூர்ந்த மலையிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் கழுவிக்கொண்டு போகும் மண். என் தாத்தா தோட்டத்தில் கான் வெட்டியவர். மழைத் தண்ணீர் கலங்கி ஓடுவதைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

அதனால் அணைப் பக்கத்துக் கரையில் மேலே காய்ந்து பாளமாகத் தெரியும் தரையை நம்பக்கூடாது. ஒரு சாண் கீழே அது களி. பகலில் ஆள் நடந்தால் தாங்கும். இரவெல்லாம் நாலு பேர் படுத்தால் கூடாரத்தின் அடிவிரிப்பு ஈரத்தை உறிஞ்சும். முளை பிடி தளர்ந்துவிடும். விளிம்பை நெருங்கினால் முழங்கால் வரை புதையும். தலைப்பக்கத்து மணல்தான் படுக்கச் சுகமானது. ஆனால் மேலே மலையில் பின்னேரம் கொட்டிய மழை முதலில் வந்து சேர்வதும் அந்த இடத்துக்குத்தான். ஏப்ரல் மாதத்தில் ஒரு தடவை நோர்வூட்டுக்குக் கீழே அப்படிப் படுத்திருந்தோம். எங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம். பொகவந்தலாவைப் பக்கம் மட்டும் வானம் வெட்டிக்கொண்டிருந்தது. நடுச்சாமத்தில் ஓயாவின் சத்தம் மாறியது. சலசலப்பு போய் உள்ளே கல் உருளும் ஓசை கேட்டது. எழுந்து சாமான்களை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். காலையில் பார்த்தபோது அடுப்புக்கு வைத்த மூன்று கற்களில் ஒன்று கூட அங்கே இல்லை.

அன்றிலிருந்து எனக்கொரு பழக்கம். கரையில் இறங்கியதும் முதலில் பழைய நீர்க்கோட்டைத் தேடுவேன். நீர் நிறைந்து நின்ற மட்டத்தில் மண் அரிக்கப்பட்டு ஒரு படிபோல இருக்கும். அதற்கு மேலேதான் புல்லும் மாணாவும் தொடங்கும். கூடாரம் அந்தப் படிக்கு மேலே. கீழே உட்காரலாம், சமைக்கலாம், மீன் பிடிப்பவரோடு பேசலாம், படுக்கக்கூடாது. அணைக்கட்டுகளுக்குக் கீழே உள்ள ஆற்றுப் பாறைகள் இன்னும் மோசம். நோர்ட்டன் பிரிட்ஜ், கெனியோன், லக்ஷபான போன்ற சிறிய தேக்கங்கள் பலத்த மழையில் விரைவில் நிரம்பிவிடும். வான் கதவுகள் திறக்கப்படும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஓர் ஆள் உயரம் ஏறிவிடலாம்.

குளிக்க இறங்குவதைப் பற்றி இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் எங்கள் நீர்த்தேக்கங்களில் இளம் பிள்ளைகள் மூழ்கிப் போகிறார்கள். பெரும்பாலும் சுற்றுலா வந்தவர்கள். கடற்கரையிலோ வன்னிக் குளத்திலோ நீந்திப் பழகியவர்களுக்குக் கரை மெல்ல மெல்லத்தான் ஆழமாகும் என்பது உடம்பில் ஊறிய நம்பிக்கை. நீர்த்தேக்கம் குளம் அன்று. அது மூழ்கிய மலை. கரைக்கு மேலே கண்ணுக்குத் தெரியும் சரிவு எவ்வளவு செங்குத்தோ, தண்ணீருக்குள்ளும் அவ்வளவே. பழைய தேயிலை வரிசைகளின் கற்கட்டுகள், கான்கள், சாலையின் ஓரச் சுவர் எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஒரு அடி முழங்கால் ஆழம். அடுத்த அடிக்குத் தரையே இல்லை. நீர் வற்றிய நாளில் வேர்கள் வெளியே தெரிய வரிசையாக நிற்கும் கறுத்த தேயிலைக் கட்டைகளைக் கண்டவர் யாரும் அங்கே தலைகீழாகக் குதிக்க மாட்டார்.

காலநிலையை விளங்கிக்கொள்ள மலைநாட்டை ஒரு கூரையாக நினைத்துக்கொள்ளுங்கள். முகடு நுவரெலியா, ஹோட்டன் சமவெளி வழியாகப் போகிறது. ஜூன், ஜூலையில் தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குக் கூரையில் ஏறி அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி இறங்கும்போது அதில் ஈரம் இல்லை; இறங்க இறங்கச் சூடேறுகிறது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் அதைக் கச்சான் காற்று என்போம். ஒரே ஜூலை மாதத்தில் மஸ்கெலியாவில் துணி காய நாலு நாள் ஆகும். எல்லப் பக்கத்து மலையில் ஒரு தீக்குச்சிக்கு மலை முழுவதும் எரியும். டிசம்பர், ஜனவரியில் நிலைமை மாறி நக்கிள்ஸின் கிழக்குச் சரிவு நனையும், மேற்குப் பக்கம் காயும். எந்த மாதம் போகலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களிடம், கூரையின் எந்தப் பக்கத்துக்கு என்று நான் முதலில் கேட்பது இதற்காகத்தான்.

தீயைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். மலைநாட்டில் இன்று கூடாரக்காரர்களால் வரக்கூடிய ஆகப்பெரிய கேடு அது. ஊவா மாகாணத்தின் பத்தனைப் புல்வெளிகள் ஏற்கெனவே தீயோடு பழகியவை. புல் கருகினாலும் வேர் தப்பித்து மழைக்குத் துளிர்த்துவிடும். ஆனால் புல்வெளியின் பள்ளங்களில், ஓடையை ஒட்டி, சிறுசிறு துண்டுகளாக நிற்கும் காடு அப்படி மீள்வதில்லை. ஒவ்வொரு தீயும் அதன் விளிம்பை ஓரடி இரண்டடி உள்ளே தள்ளுகிறது. விட்ட இடத்தைப் புல் பிடித்துக்கொள்கிறது. ஓடையின் ஊற்று அந்தக் காட்டுத் துண்டின் நிழலில்தான் இருக்கிறது. மேலே காடு சுருங்கினால் கீழே லயத்துப் பீலியில், ஊற்றுநீர் விழும் குழாயில், தண்ணீர் மெலியும். கைவிட்ட தேயிலை மலைகளிலும் புல்வெளிகளிலும் நட்ட பைனஸ் தோப்புகள் பார்க்க அழகு. உள்ளே தரை முழுவதும் ஊசியிலை மெத்தைபோலக் கிடக்கும். கூடாரம் அடிக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்று தோன்றும். அந்த மெத்தையில் பிசின் இருக்கிறது. மேலே அணைத்ததாக நினைத்த நெருப்பு அடியில் கனன்றுகொண்டே போய், ஆட்கள் பஸ் ஏறிப் போன பிறகு வேறிடத்தில் மூளும். அங்கே அடுப்பு மூட்டவே கூடாது. பாறை மேல், அல்லது நீர்க்கோட்டுக்குக் கீழே வெறும் மண்ணில் மட்டும்.

எரிப்பதற்கு விறகு எது என்பதும் பெரிய விஷயம். காட்டில் விழுந்து கிடக்கும் கட்டையை எடுக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஒதுக்கக் காட்டுக்குள் தீ மூட்டுவதும் விறகு எடுப்பதும் சட்டப்படிக் குற்றம். தவிர, உக்கும் கட்டை காட்டுக்கே சொந்தம். தோட்டத்தில் தேயிலைச் செடியின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டிய பிறகு கிடைக்கும் மிலாறுதான் எங்கள் வீட்டு விறகு. பக்கத்து லயத்தில் கேட்டால் ஒரு கட்டு விலைக்குத் தருவார்கள். காய்ந்த மிலாறு சடசடவென்று பிடிக்கும், புகை குறைவு, விரல் தடிமனில் இருப்பதால் தணல் சீராக வரும். அந்தத் தணலில் தகரத்தைப் போட்டு, தேங்காய்ப்பூப் பிசைந்த ரொட்டியைக் கையால் தட்டிப் போட்டு, ஓரம் கருகும்போது திருப்பி, கட்டச்சம்பலோடு தின்னலாம். சாயத்தண்ணீர் கொதிக்கும் கேத்தல் பக்கத்திலேயே இருக்கட்டும். சமையல் முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேல் பிடித்துப் பார்ப்பேன். சூடு முழுவதும் அடங்காத வரையில் கூடாரத்துக்குள் போகமாட்டேன்.

உயரம் கூடக் கூட இன்னொரு கணக்கும் சேர்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். 1,100 மீற்றரை ஒட்டிய காசல்ரீக் கரையில் நல்ல போர்வை போதும். 2,100 மீற்றருக்கு மேலே கிடக்கும் ஹோட்டன் சமவெளியில், ஜனவரி பெப்ரவரியின் மேகமற்ற இரவுகளில், புல்நுனியில் உறைபனி வெள்ளையாகப் படியும். பகலில் ஏறிய சூட்டைத் தரை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று பாரமானது, நீர்போலச் சரிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தில் படுத்தவருக்குப் பல் கிட்டும். இருபது முப்பது அடி மேலே சரிவில் படுத்தவர் உறங்குவார். கூடாரத்தை இறுக்கி மூடுவதும் தவறு. மூச்சின் ஈரம் துணியில் துளித்து விடியும்போது படுக்கையை நனைத்துவிடும். மேல்பக்கத்துச் சன்னல் ஒன்று நாலு விரல் அளவாவது திறந்திருக்க வேண்டும்.

ஹோட்டன் சமவெளியில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. 1969-இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988-இல் தேசிய பூங்காவாகவும் ஆன நிலம். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் குறித்துக்கொடுத்த இடத்தில், முன்பதிவு செய்துகொண்டுதான் தங்கலாம். வாசலில் பொலித்தீனைப் பரிசோதித்து எடுத்துவிடுவார்கள். நக்கிள்ஸ் காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குரியது. இவையிரண்டும் சிவனொளிபாதமலைக் காடும் சேர்ந்து 2010-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. இந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் மலைக்காட்டை வெட்டித் தள்ளிய காலத்திலேயே, 5,000 அடிக்கு மேலே காட்டைத் தொடக்கூடாது, தொட்டால் ஆறுகள் வற்றும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1873-இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் அப்படி அறிவுரை கூறினார். எஞ்சி நிற்பது அந்த எச்சரிக்கையின் மிச்சம். களனி, மகாவலி, வளவை ஆகியவற்றுக்கு நீர் ஊறுவது இந்தக் காடுகளிலிருந்துதான். உயரக் காட்டு மரத்தின் பாசி மூட்டத்திலிருந்தே ஈரத்தைப் பிடித்துச் சொட்டுகிறது. மழை பெய்யாத காலையிலும் மரத்தடி நனைந்திருப்பதைக் கூடாரத்திலிருந்து வெளியே வருகிறவர் காணலாம்.

அட்டைக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. கொழுந்துக்குப் போகும் பெண்கள் காலில் சவர்க்காரத்தை உலர்ந்தபடியே தேய்த்துக்கொள்வார்கள், அதுவே போதும்.

சிறுத்தையைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. மலைநாட்டுச் சிறுத்தை காட்டுக்குள் மட்டும் இருப்பதன்று. தேயிலை மலைகளுக்கிடையே உள்ள காட்டுத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு ஓடையோரமாக நடமாடுவது. மனிதரைத் தேடி அது வருவதில்லை. நாய்க்கு வரும். கூடாரக்காரர் கொட்டிவிட்டுப் போகும் கோழி எலும்புக்கு முதலில் நாய் வருகிறது, காட்டுப்பன்றி வருகிறது. நாயைத் தேடிச் சிறுத்தை லயத்தோரம் வருகிறது. பன்றி காய்கறித் தோட்டத்தைக் கிண்டினால் யாரோ ஒருவர் சுருக்குக் கம்பி வைக்கிறார். பன்றிக்கு வைத்த கம்பியில் சிறுத்தையின் கழுத்து மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அப்படிச் சிக்கியது ஓர் அரிய கருஞ்சிறுத்தை. மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் அது பிழைக்கவில்லை. ஒரு பை எலும்பைத் திரும்ப எடுத்துப் போகாததற்கும் அந்தக் கம்பிக்கும் இடையே அதிக தூரம் இல்லை.

கரை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு நேரான விடை கிடைப்பது கடினம். காசல்ரீ, மவுசாகலை நீரை ஆள்வது மின்சாரத் துறை. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலையில் மகாவலி அதிகார சபைக்கும் பங்கு உண்டு. கரையை ஒட்டிய தேயிலை நிலத்தை 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசு எடுத்துக்கொண்டது. 1992-இலிருந்து தோட்டக் கம்பனிகள் நடத்துகின்றன. காட்டோரம் திணைக்களங்களுக்கு. இத்தனை பேரில் லயத்தில் இருப்பவர் வரமாட்டார். இருநூறு வருடமாக அந்த மண்ணில் வேலை செய்தும், குடியிருக்கும் காம்பிராவுக்குக்கூடப் பெரும்பாலான குடும்பங்களிடம் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. வெளியூரிலிருந்து வருகிறவர் ஓர் இரவுக்கு இங்கே நிம்மதியாக நிலத்தைப் பிடித்துக்கொள்வதும், தலைமுறைகளாக இருப்பவர் ஒரு கொட்டில் போட அனுமதிக்கு அலைவதும் ஒரே கரையில்தான் நடக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அந்தக் கரை அவர்களுக்கு வெளிமுற்றம். பீலிக்கரையில் பெண்கள் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள், பிள்ளைகளைக் கழுவுகிறார்கள். காலை ஆறரைக்குப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர்கள் நாலரை மணிக்கே எழுந்துவிடுவார்கள். அவர்களின் லயத்துக்கு எதிரே ஒலிபெருக்கியைப் போட்டு விடிய விடிய ஆடுவதும், பீலிப் பக்கம் புகைப்படக் கருவியோடு நிற்பதும் எவ்வளவு பெரிய அத்துமீறல் என்பதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் ஒரு வருடம், வந்தவர்கள் ஓடைக்கு மேல்பக்கமாக மலம் கழித்துவிட்டுப் போனார்கள். கீழே ஒரு லயத்துக்கே அதுதான் குடிநீர். நீருக்கு நூறடியாவது தள்ளி, எந்தப் பீலிக்கும் கீழ்ப்பக்கமாக, ஒரு முழம் குழி வெட்டி மூடுவது மண்வெட்டி ஒன்று இருந்தால் முடிகிற வேலை. நாம் குடிக்கும் நீருக்கும் இதே கவனம் தேவை. தேயிலை மலையிலிருந்து வரும் ஓடையில் களைநாசினியும் உரமும் கலந்திருக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. பீலி நீரை லயத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

இந்தக் கூடார ஆசையால் நன்மையும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். தோட்ட வேலைக்குப் பேர் பதியாத இளைஞர்கள் சிலர் வழிகாட்டிகளாகியிருக்கிறார்கள். கொழும்பில் கடைவேலைக்குப் போய்த் திரும்பிய தம்பி ஒருவனை எனக்குத் தெரியும். எந்த ஓடை எந்த மாதத்தில் எவ்வளவு ஏறும், எந்தப் பாறையடியில் குளவிக் கூடு இருக்கிறது, மாலை நாலு மணிக்கு மூட்டம் எந்தப் பக்கமிருந்து இறங்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. குளவிக் கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போகாத கொழுந்துக்காரர் குடும்பமே எங்கள் பக்கத்தில் இல்லை என்பதால், அவன் முதலில் பார்ப்பது மரத்தின் உச்சியைத்தான். இப்படிப்பட்டவர் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப்போவது, எந்த விலையுயர்ந்த கூடாரத்தைவிடவும் பயனுள்ளது. அவருடைய வீட்டில் சோறு சொல்லிவைத்தால் அந்தப் பணமும் ஊருக்குள் நிற்கும்.

மழைக்கால இரவுகளுக்குக் கடைசியாக ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வெளியிடுகிறது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே விழிப்பாக இருக்கச் சொல்கிறார்கள். 2014 அக்டோபர் 29-ஆம் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாங்கள் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைச் சரித்துவிட்டுப் போனது அதைவிடப் பெரிது. சரிவில் புதிதாகத் தெரியும் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், தெளிந்து ஓடிய ஊற்று திடீரெனச் செந்நிறமாவது, அல்லது ஓடிய ஊற்று நின்றுபோவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கூடாரத்தைப் போட்டுவிட்டு நடக்க வேண்டும். எச்சரிக்கை இருக்கும் நாளில் வரவே வேண்டாம்.

அம்மாயியோடு போன அன்று, அவரை மேட்டில் ஒரு கல்லில் உட்காரவைத்துவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பிப் போனேன். உள்ளே நாலு பிள்ளைகள், பல்கலைக்கழக மாணவர்கள். அது கோயில் தளம் என்று அவர்களுக்குத் தெரியாது. சொன்னதும் பதறிப்போனார்கள். முளையைப் பிடுங்கினார்கள், கூடாரத்தை அப்படியே நாலு மூலையில் தூக்கி நீர்க்கோட்டுக்கு மேலே கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருத்தி அம்மாயி பக்கத்தில் வந்து குந்தி, பாட்டி, கடைத்தெரு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டாள். அம்மாயி கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் இன்னும் தண்ணீர் இறங்கவில்லை.